குதுரேமுக்: கடலோரத்தில் பிழைத்த நிறுவனம், மலையில் காலியான ஊர்

குதுரேமுக் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கர்நாடக மலையில் ஒரு பெரிய இரும்புச் சுரங்கம் இருந்தது, உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னது, ஊர் காலியாகிவிட்டது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் இன்றும் இருக்கிறது. சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடும் இருக்கிறது. எண்ணாயிரம் பேர் வாழ்ந்த ஊர்தான் வெறிச்சோடிப் போனது. ஒரே தீர்ப்பு மூன்றையும் மூன்று விதமாக ஏன் பாதித்தது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், விடை தீர்ப்பு வந்த 2002இல் கிடைப்பதில்லை. ஊர் கட்டப்படுவதற்கு முன்பே கையெழுத்தான 1969இன் குத்தகைப் பத்திரத்திலும், 1981இல் எடுத்த ஒரு வணிக முடிவிலும்தான் கிடைக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். சிக்கமகளூரு மாவட்டத்தில், கலசாவுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் இருக்கிறது குதுரேமுக். சிகரம் ஏறக்குறைய 1890 மீட்டர். குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் குதிரையின் முகம் போலத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். சுரங்கம் இருந்தது சிகரத்தில் அல்ல, ஆரோளி மலைத்தொடரில். ஊர் எழுந்தது பள்ளத்தாக்கில் மல்லேஸ்வரா என்ற இடத்தில். பக்கத்தில் கங்காமூலா. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் அந்த மலையில்தான் பிறக்கின்றன. முதல் இரண்டும் கிழக்கே போய்ச் சேர்ந்து துங்கபத்ராவாகின்றன. நேத்ராவதி மேற்கே இறங்கி மங்களூருவில் கடலைத் தொடுகிறது. மழை ஆண்டுக்கு 6000 மில்லிமீட்டரைத் தாண்டும். நீலகிரியின் மேல்பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலம் அந்நியமாக இருக்காது. அதே சோலை, அதே புல்வெளி. சிங்கவால் குரங்கும் உண்டு.

1913இல் மைசூர் சமஸ்தானத்தின் நிலவியல் துறையைச் சேர்ந்த பி. சம்பத் ஐயங்கார் இங்கே இரும்புத் தாது இருப்பதைக் கண்டறிந்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டு யாரும் அதைத் தோண்டவில்லை. காரணம் எளிது. இங்குள்ளது பெரும்பாலும் மேக்னடைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமம் கலந்த ஏழைத் தாது. இரும்பின் அளவு 38 விழுக்காடு அளவில்தான். அதே மாநிலத்தில் பெல்லாரிப் பக்கம் 60 விழுக்காட்டுக்கு மேல் இரும்புள்ள ஹேமடைட் என்ற வேறு வகைத் தாதுவை வெட்டி அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம். அப்படி இருக்க, மழை கொட்டும் மலையில் வந்து ஏழைத் தாதுவை எடுக்க யாருக்கு மனம் வரும்? இதை எடுக்க வேண்டுமென்றால் மாவாக அரைக்க வேண்டும், தண்ணீரில் கலக்க வேண்டும், காந்தத்தாலும் மற்ற முறைகளாலும் இரும்பை மட்டும் பிரிக்க வேண்டும். சேலம் கஞ்சமலையிலும் திருவண்ணாமலை கவுத்திமலையிலும் இருப்பது கிட்டத்தட்ட இதே வகைப் பாறைதான். அங்கே சுரங்கம் வரவேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் குதுரேமுக்கின் பெயர் அடிபட வேண்டியது, ஏனோ அதிகம் அடிபடுவதில்லை.

ஏழைத் தாதுவை நீரோடு கையாளும் தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, 1960களில் இந்த மலை மறுபடி கணக்கில் வந்தது. மத்திய அரசின் தேசிய கனிம வளர்ச்சிக் கழகமான என்.எம்.டி.சி. ஆய்வில் இறங்கியது. வெளிநாட்டு நிறுவனங்களும் எட்டிப் பார்த்தன. 1969இல் 30 ஆண்டுக்குச் சுரங்கக் குத்தகை வழங்கப்பட்டது. பரப்பு சுமார் 4600 ஹெக்டேர். இந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல், வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1980இல். இரண்டும் இல்லாத காலத்தில் பிறந்த குத்தகை இது. முடியும்போது இரண்டும் வந்துவிட்டிருந்தன.

மன்னரின் பணம்

குத்தகை கிடைத்தும் பணம் இல்லை. அது வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் இரான் மன்னர் ஷாவின் கையில் டாலர் குவிந்தது. தன் நாட்டைப் பெரிய உருக்கு உற்பத்தி நாடாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எண்ணெய் இறக்குமதிச் செலவில் திணறிக்கொண்டிருந்த இந்தியாவுக்கும் இரானுக்கும் இது வசதியான பொருத்தமாக அமைந்தது. 1975 நவம்பரில் ஒப்பந்தம். இரான் 63 கோடி டாலர் கடன் தரும். பதிலுக்கு 21 ஆண்டுகளில் 15 கோடி டன் செறிவூட்டிய தாதுவை வாங்கிக்கொள்ளும். 1976 ஏப்ரல் 2ஆம் தேதி குதுரேமுக் இரும்புத் தாது நிறுவனம் பொதுத்துறையில் பதிவானது.

ஆலையின் திறன் ஆண்டுக்கு 75 லட்சம் டன். இருபதால் பெருக்கிப் பாருங்கள், ஒப்பந்தத்தின் 15 கோடி டன் அப்படியே வருகிறது. அந்தச் சுரங்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது மலையோ மழையோ அல்ல, ஒரே ஒரு வாடிக்கையாளரின் தேவைதான். இந்தியாவின் சொந்த உருக்காலைகளுக்கு இந்தத் தாது தேவைப்படவில்லை. இது முழுக்க ஏற்றுமதிக்காகவே வடிவமைத்த சுரங்கம்.

1979 தொடக்கத்தில் ஷா நாட்டை விட்டு ஓடினார். புரட்சி அரசு கடனின் மிச்சத்தைத் தரவில்லை. அதுவரை வந்திருந்தது 25.5 கோடி டாலர். மீதிச் செலவை இந்திய அரசே போட்டு, திட்டமிட்ட காலத்திலேயே, 1980இல் வேலையை முடித்தது. பாராட்ட வேண்டிய பொறியியல் சாதனைதான். ஆனால் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வாங்க ஆள் இல்லை. இரான் ஒரு டன்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மாவு போல் அரைத்த தாதுவை வேறு யார் தலையில் கட்டுவது? செறிவூட்டிய தாதுவில் இரும்பு 67 விழுக்காடு, தரம் உயர்ந்தது. ஆனால் அவ்வளவு நுண்ணிய பொடியை ஊதுலையில் நேரே கொட்ட முடியாது, காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும். உருண்டையாகப் பிடித்துச் சுட்டுத்தான் உலைக்கு அனுப்ப வேண்டும். பெல்லட் என்பது அதுதான். அந்த வேலையைச் செய்யும் ஆலை சொந்தமாக இல்லாதவர்கள் பொடியை வாங்க மாட்டார்கள். சரி, நாமே பெல்லட் செய்து விற்போம் என்று 1981 மே மாதம் அரசு அனுமதி கொடுத்தது. 30 லட்சம் டன் திறனுள்ள ஆலை 1987இல் ஓடத் தொடங்கியது. எங்கே என்பதுதான் முக்கியம். மலையில் அல்ல. மங்களூருவின் பணம்பூரில், துறைமுகத்தை ஒட்டி.

வணிகக் கணக்கில் இதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது. கப்பல் அங்கே, எரிபொருள் வந்து இறங்குவது அங்கே, தாதுக் குழம்பு குழாய் வழியே வந்து சேர்வதும் அங்கே. ஆனால் அந்த முடிவோடு நிறுவனத்துக்கு இரண்டு உடல்கள் ஆகிவிட்டன. மலையில் இருந்தது தாதுவை நம்பியது. கடலோரத்தில் இருந்தது எங்கிருந்து தாது வந்தாலும் பிழைத்துக்கொள்ளக்கூடியது. ஊர் மலையில் இருந்தது.

ஒரு டன் இரும்புக்கு இரண்டு டன் கசடு

சுரங்கம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சண்டை முழுவதும் இதைச் சுற்றித்தான். மேல் மண்ணை நீக்கி, மலையைப் படிப்படியாக வெட்டி, பெரிய ஷவல்களால் அள்ளி, டம்பரில் ஏற்றி நொறுக்கிக்குக் கொண்டுபோவார்கள். பல லட்சம் வருடம் மழையில் ஊறி இளகிய மேல்பகுதித் தாதுவைத்தான் முதலில் எடுத்தார்கள். அரைப்பது சுலபம், செலவு குறைவு. அடியில் இருந்த இறுகிய தாது அப்படியே இருந்தது.

முழுத் திறனில் ஓடும்போது ஆண்டுக்கு 2.26 கோடி டன் தாதுவை ஆலைக்குள் தள்ளினால் 75 லட்சம் டன் செறிவூட்டிய தாது வெளியே வரும். மிச்சம் 1.5 கோடி டன். அது கசடு. மண்ணும் சிலிக்காவும் பிரியாமல் போன இரும்பும் கலந்த சேறு. அதைத் தேக்க, பத்ராவில் வந்து சேரும் லக்யா ஓடையின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். உயரம் சுமார் 100 மீட்டர். மேட்டூர் அணை ஏறக்குறைய 65 மீட்டர்தான். தண்ணீருக்காக அல்லாமல் கழிவைப் பிடித்துவைக்க அவ்வளவு உயரத்தில் ஒரு சுவர், அதுவும் நதி பிறக்கும் இடத்தில். பாசனத்துக்காகக் கட்டியிருந்தால் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும்.

இரும்புப் பொடி தண்ணீரோடு குழம்பாகி, 67 கிலோமீட்டர் நீளக் குழாயில் மலையிறங்கி மங்களூரு போகும். பள்ளம்தான் தள்ளிக்கொண்டு போகும். லாரியும் ரயிலும் தேவையில்லை. அந்தக் காலத்து இந்தியாவுக்கு இது புதுமை. மலைச்சாலையில் நாளெல்லாம் தாது லாரி ஓடியிருந்தால் காட்டுக்கு வந்திருக்கும் கேட்டை இந்தக் குழாய் தவிர்த்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குழாய் உடைந்து ஓடைகளில் கறுப்புக் குழம்பு பாய்ந்த நிகழ்வுகளும் உண்டு.

அணை கசடைப் பிடித்தது. பிடிக்காமல் விட்டது மழை. 6000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் மலையின் தோலை உரித்துவிட்டு மண் ஆற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நடக்கிற காரியமா? தடுப்பணைகள் கட்டினார்கள், புல்லும் மரமும் நட்டார்கள். நிறுவனம் நீரி எனப்படும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைக் காட்டி, பாதிப்பு சமாளிக்கக்கூடியதே என்றது. அதற்கு எதிராக, ஜகதீஷ் கிருஷ்ணசாமியும் சக ஆய்வாளர்களும் பத்ராவில் மழைக்காலத்தில் நீரை எடுத்து வண்டலை அளந்தார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பில் மிகச் சிறிய பங்கே உள்ள சுரங்கப் பகுதி, ஆறு சுமக்கும் வண்டலில் பெரும்பங்கைத் தருகிறது என்றது அவர்கள் முடிவு. கீழே லக்கவள்ளியில் பத்ரா அணை இருக்கிறது. அதன் பாசனம் தாவணகெரே வரை போகிறது. வண்டல் கணக்கு அங்குள்ள விவசாயிகளுக்குச் சட்டென்று புரிந்தது. சிங்கவால் குரங்குக்காகத் தெருவில் இறங்காதவர்கள் அணை தூர்ந்துபோகிறதே என்று இறங்கினார்கள்.

மல்லேஸ்வராவில் ஒரு டவுன்ஷிப்

ஊரைப் பற்றி. சுரங்கம் வருவதற்கு முன் மல்லேஸ்வரா காட்டுக்குள் ஒரு சிற்றூர். சுற்றிலும் காப்பித் தோட்டம், கொஞ்சம் தேயிலை, நெல் வயல். நிறுவனம் வந்த பின் குவார்ட்டர்ஸ் வரிசைகள், மருத்துவமனை, பள்ளிகள், கடைவீதி, வங்கி, கோயில், தேவாலயம், மசூதி என்று எல்லாம் முளைத்தன. கார்கலாவிலிருந்து மலையேறும் சாலை சீரானது. ஏறக்குறைய இரண்டாயிரம் நிரந்தர ஊழியர்கள், அவர்கள் குடும்பங்கள், அவர்களை நம்பிய கடைக்காரர்கள், ஒப்பந்த வேலைக்காரர்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணாயிரம் பேர் சொச்சம்.

நெய்வேலியையோ பழைய கோலார் தங்கவயலையோ தெரிந்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஊரின் ருசி தெரியும். தண்ணீர், மின்சாரம், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி கொடுக்கும். வேலை செய்கிறவரைக்கும் குறை இருக்காது. ஆனால் வீடு கம்பெனியுடையது, நிலம் குத்தகையில் வந்தது. முப்பது வருடம் குடியிருந்தாலும் ஒரு சென்ட் பட்டா கிடைக்காது. கோலார் சுரங்கம் 2001இல் மூடியபோதும் அந்த ஊர் கரையாமல் நின்றதற்கு ஒரு காரணம், அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து தன்னைச் சுற்றி ஒரு நகரத்தை வளர்த்துக்கொண்டதும், பெங்களூருவுக்கு ரயில் ஏறிப் போய் வேலை பார்க்க முடிந்ததும்தான். மல்லேஸ்வராவுக்குக் கிடைத்தது ஒரே தலைமுறை. ரயில் கிடையாது. சுற்றிலும் காடு.

அந்தக் காடு சட்டப்படியும் இறுகிக்கொண்டு வந்தது. 1980களின் முதல் பாதியில் உல்லாஸ் கரந்த் சிங்கவால் குரங்குகளைக் கணக்கெடுத்து, இந்தக் குரங்கின் முக்கியமான வாழிடங்களில் ஒன்று குதுரேமுக் என்று காட்டினார். 1987இல் மாநில அரசு 600 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக்கும் முதல் அறிவிக்கையை வெளியிட்டது. சுரங்கத்துக்கு முன்பே பூங்கா இருந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பூங்கா வந்தது. நிறுவனம் இதையே தன் வாதமாக வைத்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் குத்தகை முடியும் தேதி அந்த வாதத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

ஜூலை 1999

1999 ஜூலையில் 30 ஆண்டு முடிந்தது. நிறுவனம் புதுப்பிக்கக் கேட்டது. புதுப்பிப்பது என்றால் பழையதை நீட்டுவது மட்டும்தானே என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம். சட்டத்தின் பார்வை வேறு. 1980க்குப் பிறகு வனநிலத்தில் சுரங்கக் குத்தகையைப் புதுப்பிப்பது புதிதாக ஒரு முடிவு எடுப்பதற்குச் சமம், மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். தற்காலிக அனுமதிகளின் தயவில் வேலை நடந்தது. இதற்கிடையில் இளகிய தாது தீர்ந்துகொண்டிருந்ததால் நிறுவனத்தின் கண் புதிய பரப்புகள் மேலும் இருந்தது. சிருங்கேரி, கலசா, மூடிகெரே பக்கம் துங்கா, பத்ராவின் ஊற்றுக்கண்ணைக் காப்பாற்றுங்கள் என்று கூட்டங்கள் நடந்தன.

வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கே.எம். சின்னப்பா. நாகரஹொளேயில் வனச்சரகராக இருந்து பெயர் வாங்கியவர், ஓய்வுக்குப் பின் வன உயிரினப் பாதுகாப்பு அமைப்பொன்றை வழிநடத்தினார். அவர் மனு, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் உள்ளே ஓர் இடைமனுவாகப் போனது. நம்மூர்க் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் 1995இல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பரில் வந்த உத்தரவுக்குப் பிறகு நாட்டின் வன விவகாரங்கள் எல்லாம் அந்த ஒரே வழக்கில் வந்து விழ ஆரம்பித்தன. நீலகிரியின் மரம் வெட்டும் தகராறு சிக்கமகளூரின் சுரங்கத்தை மூடியது என்று சொன்னால் மிகை, ஆனால் வழி திறந்தது அங்கேதான்.

2001இல் மத்திய அரசின் வன ஆலோசனைக் குழு, ஏற்கெனவே தோண்டிய பகுதியில் மட்டும் இளகிய தாதுவை 2005 இறுதி வரை எடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 2002 அக்டோபர் 30ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதையே ஏற்றுக்கொண்டது. கடைசி நாள் 2005 டிசம்பர் 31. பெரிய போராட்டத்தின் முடிவாக இது கொண்டாடப்பட்டது, கொண்டாடியதில் பிழையில்லை. என் பார்வையில் அந்தத் தீர்ப்பு தன்னளவில் நிதானமானது. மூன்று வருட அவகாசம் கொடுத்தது. அந்த மூன்று வருடத்தில் காட்டைச் சீரமைப்பது பற்றிப் பேசினார்கள், நிறுவனத்தின் வருங்காலம் பற்றிப் பேசினார்கள். ஊரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு பொறுப்பாளர் இல்லை. வனத்துறைக்கு அது காட்டில் இருக்கும் ஆக்கிரமிப்பு மாதிரி. நிறுவனத்துக்கு அது செலவு. மாநில அரசுக்கு அது கம்பெனி சமாச்சாரம்.

அதே ஆண்டுகளில் பூங்காவுக்குள் இருந்த மலைக் கிராமத்துக் குடும்பங்களை வெளியேற்றுவது பற்றிய பயம் வேறு திசையில் வெடித்தது. நக்சல்கள் காலூன்றினார்கள். 2003 நவம்பரில் ஈது கிராமத்தில் இரண்டு பெண்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2005 பிப்ரவரியில் நக்சல் தலைவர் சாகேத் ராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுரங்கம் சம்பளம் கொடுத்துக் கைவிட்ட மக்கள் ஒரு பக்கம், சுரங்கத்தால் ஒரு காசும் பார்க்காமல் பூங்காவால் வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டத்தின் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மூடிய பிறகு

ஊழியர்களில் ஒரு பகுதியினர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்கள், ஒரு பகுதியினர் மங்களூரு ஆலைக்கு மாற்றலானார்கள். குடும்பங்கள் போனதும் பள்ளியில் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாத ஊரில் கடை எதற்கு? மழை ஓயாத இடத்தில் ஆளில்லாத வீடு பாசி பிடித்து ஒழுகத் தொடங்க நீண்ட காலம் ஆகாது. சூழல் சுற்றுலா, பயிற்சி மையம் என்று பல யோசனைகள் வந்தன. தேசியப் பூங்காவுக்கு நடுவே அப்படி எதைச் செய்யவும் மறுபடி அதே சட்டங்களின் வாசலில் நிற்க வேண்டும்.

பணம்பூர் ஆலை பிழைத்துக்கொண்டது. சத்தீஸ்கரின் பைலாடிலாவிலிருந்து ஹேமடைட் தாது விசாகப்பட்டினம் வந்து, கப்பலேறி, தீபகற்பத்தைச் சுற்றி மங்களூரு வந்தது. மாற்றம் சுலபமாக இருக்கவில்லை. மேக்னடைட் சுடும்போது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு தானே வெப்பம் தரும். ஹேமடைட்டுக்கு அந்தக் குணம் இல்லை, எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆலையின் இயந்திரங்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. மலையிலிருந்து இலவசமாக இறங்கி வந்த தாதுவுக்குப் பதில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி வரும் தாது. லாபம் நிலையில்லாமல் போனது. நிறுவனத்தின் பெயர் பிறகு கே.ஐ.ஓ.சி.எல். என்று சுருங்கியது. முதல் எழுத்தில் மட்டும் குதுரேமுக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலையில் லக்யா அணை இருக்கிறது. அதன் பின்னால் கால் நூற்றாண்டின் கசடு இருக்கிறது. சுரங்கத்தை மூடலாம், அணையை மூட முடியாது. ஒவ்வொரு பருவமழைக்கும் வழிந்தோடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், யாராவது சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருந்தாக வேண்டும். குத்தகைக்கு முடிவுத் தேதி எழுதியவர்கள் இதற்குத் தேதி எழுதவில்லை, எழுதவும் முடியாது.

சொந்தத் தாது இல்லாமல் தடுமாறிய நிறுவனத்துக்குப் பெல்லாரி மாவட்டம் சண்டூரில் தேவதாரி மலைத்தொடரில் புதிய சுரங்கம் ஒதுக்கப்பட்டது. அதுவும் வனநிலம். 2024 ஜூனில் மத்திய உருக்குத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற எச்.டி. குமாரசாமி அந்தத் திட்டத்துக்கான கோப்பில் கையெழுத்திட்டார். கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே உடனே தடுத்தார். குதுரேமுக்கில் காட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்காகவும் விதிமீறல்களுக்காகவும் நிறுவனம் தரவேண்டிய பாக்கி 1300 கோடி ரூபாய்க்கு மேல் நிற்கிறது, அதைத் தீர்க்காமல் தேவதாரியில் ஓர் ஏக்கர் வனநிலத்தையும் ஒப்படைக்கக் கூடாது என்று தன் துறைக்கு உத்தரவிட்டார்.